ஐம்பது காசுக்குள் ஐந்து துளை

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நிற்பவனுக்கு இரண்டு தொல்லை. ஒன்று மலிவான தோட்டா, இன்னொன்று அதைவிட மலிவான ஆலோசனை.

நீங்கள் துப்பாக்கி பிடிக்காதவராக இருக்கலாம். பரவாயில்லை. விலை குறைவு என்று ஒரு மோட்டார் உதிரி வாங்கி, அதைப் பொருத்த வாரக்கணக்கில் அலைந்திருப்பீர்கள். அதே வலிதான்.

ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகிற வழியில், பழைய ரப்பர் தோட்ட நிலத்தில் இருக்கிறது எங்கள் கிளப். குண்டுகளை வாங்கிக்கொள்வது ஈயச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போன மணல்மேடு. நான் வங்கி வேனில் ஆயுதக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே ரேஞ்ச் அதிகாரி. அதிகாரி என்பது பேச்சுக்கு. கொடி ஏற்றுவேன், சாவி வைத்திருப்பேன், கத்துவேன்.

வழக்கமாக வாங்கும் போட்டித் தோட்டா விலை ஏறிப்போயிற்று. கமிட்டி கூடிப் பேசியது. மலிவுத் தோட்டா, ரைஃபிளில் மாட்டிக் குறி பார்க்கும் மலிவு ஸ்கோப், இரண்டையும் நான் சோதித்துச் சொல்ல வேண்டும். ஐம்பது மீட்டரில் ஐந்து குண்டும் ஓர் ஐம்பது காசு மூடும் அளவுக்குள் விழ வேண்டும். விழுந்தால் எங்கள் கிளப்பில் நன்றாகச் சுடும் பெண் லெட்சுமி மாநிலப் போட்டிக்குப் போகும். பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்குள் விழவில்லை என்றால் எங்கள் கிளப்பிலிருந்து யாரும் போகப்போவதில்லை.

லெட்சுமி பள்ளி வேன் ஓட்டுகிறது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் ஏற்றப் போவதற்குள் வந்து சுடும். போன வருஷம் தாயார் படுக்கையில் கிடந்ததால் போட்டியை விட்டது. இந்த வருஷம் விடுவதாக இல்லை. நானும்தான்.

பெட்டியில் எழுதியது

ஸ்கோப் வாங்க ஈப்போவுக்குப் போனேன். கண்புரை எடுத்த புதிது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், எல்லாம் மங்கல்தான். துப்பாக்கிக் கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். இருப்பதிலேயே விலை குறைந்ததை எடு என்றேன். எடுத்தார். அவரே எங்கள் ரைஃபிளில் மாட்டியும் கொடுத்தார். மாட்டுவதற்கு முன் ரைஃபிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏதோ தொழில் மரியாதை என்று விட்டுவிட்டேன்.

பெட்டி நிறையப் பெருமை அச்சடித்திருந்தது. அதிராது, பனி பிடிக்காது, தண்ணீர் புகாது. இங்கே தினமும் மத்தியானம் மழை. அதனால் கேட்டேன், இதை வாளித் தண்ணீரில் போடலாமா என்று. தவுக்கே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேணாம்லா அண்ணே. எழுதினவன் வாளியில போட்டுப் பார்த்திருக்க மாட்டான்."

சிவப்புப் பெட்டி

மூன்று வகைத் தோட்டா வாங்கினோம். சிவப்புப் பெட்டி, பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி. பெட்டி மாற்றினால் முதலில் சுடுவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. குழலுக்குள் பழைய தோட்டாவின் மெழுகு இருக்கும், புதியது பழக வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் முதல் துளையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைப்பார்.

சிவப்புப் பெட்டியில் துளையே விழவில்லை. விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெடிக்காத தோட்டாவை உடனே எடுக்கக் கூடாது, தாமதமாக வெடிக்கலாம். குழலை மேட்டுக்கு நேராகப் பிடித்தபடி சும்மா காத்திருக்க வேண்டும். லெட்சுமி காத்திருந்தது. நான் காத்திருந்தேன். பின்னால் எங்கள் பொருளாளர் காதர் பாய், சாப்பாட்டுக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்ததும் 'டிக்'. மறுபடியும் காத்திருப்பு.

"அண்ணே, நம்ம கடையில ஒரு தே தாரிக் டீ வர இவ்ளோ நேரமாச்சுன்னா, ஆள் பக்கத்துக் கடையில குடிச்சு முடிச்சிருப்பான்."

பச்சைப் பெட்டி

பச்சை வெடித்தது. ஆனால் குறி அட்டை முழுக்கச் சிதறியது, கோழிக்கு அரிசி இறைத்த மாதிரி. வேலை தெரிந்த கைக்கு அப்படிச் சிதறாது. தோட்டாவின் குற்றம்தான். இருந்தாலும் ஒரே முறையில் தீர்ப்பு எழுதுகிறவன் நான் இல்லை. இன்னொரு அட்டை மாட்டச் சொன்னேன்.

பாதியில் ஓர் உடும்பு புதரிலிருந்து வந்தது. நல்ல நீளம். உயிருள்ளது எது குறுக்கே வந்தாலும் சுடுவதை நிறுத்த வேண்டும். அது சட்டம். சிவப்புக் கொடியை ஆட்டினேன். கத்தினேன். தகரத்தைத் தட்டினேன். உடும்பு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் போய் லெட்சுமியின் அட்டைக்கு அடியில் படுத்துக்கொண்டது. வேறு எவ்வளவோ இடம் இருக்கிறது. எழுந்திருக்கவே இல்லை. லெட்சுமி ரைஃபிளைக் காலி செய்து கீழே வைத்தது.

"அதுக்கும் தெரிஞ்சிருக்கு அண்ணே. இந்தத் தோட்டாவுக்கு அட்டைகிட்ட இருக்கிறதுதான் பத்திரம்."

நீலப் பெட்டி

நீலம் நல்ல தோட்டா. சத்தத்திலேயே தெரிந்தது, ஒன்றுபோல் ஒன்று. முதல் இரண்டும் ஒட்டி விழுந்தன. மூன்றாவது கொஞ்சம் வலது. நான்காவது இன்னும் வலது. ஐந்தாவது அட்டையை விட்டே போய்விட்டது. ஸ்கோப் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு குண்டு வரை சொன்னபடி கேட்டது, மறுபடி வலது பக்கம் கிளம்பிவிட்டது. நாள்கள் போயின. கடைசி நாளுக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். காற்று என்றார் ஒருவர். ரைஃபிளின் மரக்கட்டை ஈரம் குடித்துவிட்டது என்றார் இன்னொருவர். லெட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு வேனை எடுத்துப் போயிற்று.

பாய் கடை அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, அதன் மேல் ரைஃபிளை வைத்து நானே சுட்டேன். அப்போதும் குண்டு வலது பக்கம் நடந்தது. ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், இந்த வருஷம் பெயர் கொடுக்க வேண்டாம் என்றார் பாய். முடியாது என்றேன். அவர் என் கறுப்புக் கண்ணாடியையே பார்த்தார்.

"மூட்டை ஆடல. ரைஃபிள் ஆடல. அப்புறம் என்ன அண்ணே, நீங்கதான் ஆடுறீங்க."

வாசனை

பாய் போன பிறகு ஸ்கோப்பைக் கழற்றினேன். கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரிந்தது. எண்ணெய் வாசனைக்கும் வெடிமருந்துப் புகைக்கும் நடுவே கோயில் வாசனை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். ஸ்கோப்பின் பிடி உட்காரும் வரிப்பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்தது. சந்தனம்.

ஆயுத பூஜை அன்று நான் கண் ஆஸ்பத்திரியில். ஒவ்வொரு வருஷமும் நான்தான் பக்கத்தில் நிற்பேன், மரக்கட்டையில் மட்டும் பொட்டு வைக்கவிடுவேன். இந்த வருஷம் லெட்சுமி தாராளமாக வைத்திருக்கிறது. புது ஸ்கோப் உட்காரப்போகிற இடமாயிற்றே என்று அங்கே கூடுதலாக அப்பியிருக்கிறது. அது காய்ந்து, அதன் மேல் பிடியை இறுக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, ஸ்கோப் ஊர்ந்திருக்கிறது. சரி, மாட்டியவர் கண் என்ன ஆயிற்று? தவுக்கேக்குப் போன் போட்டேன். பார்த்தாயா இல்லையா என்றேன்.

"பார்த்தேன்லா. சாமிக்கு வச்சதை நான் எப்படித் துடைக்கிறது? பாவம் வரும்லா அண்ணே!"

சின்னக் காசு

கடைசி நாள் காலை. பள்ளத்தைச் சாராயம் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, பிடியை இறுக்கியிருந்தேன். லெட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "நான் வச்ச பொட்டுதானா அண்ணே?" என்றது. "படுத்துச் சுடு" என்றேன்.

நீலப் பெட்டி. பழகுவதற்குச் சில, பிறகு ஐந்து. அட்டையைக் கொண்டுவந்தோம். இந்த முறை எந்தத் துளையும் வலது பக்கம் நடந்து போகவில்லை. பாய் சட்டைப்பையிலிருந்து ஐம்பது காசை எடுத்து வைத்தார். புதுக் காசு, சின்னது. நான்கு துளை உள்ளே. ஐந்தாவது ஓரத்தில் மயிரிழை எட்டிப் பார்த்தது. காசை இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். அது எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. "மூடின மாதிரிதான் அண்ணே" என்றார். மூடவில்லை என்றேன். அவர் கை மறுபடியும் பைக்குள் போயிற்று. முறைத்தேன். கை வெறுமனே வெளியே வந்தது.

வேறு அட்டை மாட்டினேன். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பள்ளி விடும் நேரமும் நெருங்கியது. லெட்சுமி படுத்தது. மூச்சு விட்டது. சுட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவசரமே இல்லை. மழையின் முதல் சொட்டு தகரத்தில் விழுந்தபோது அட்டை கைக்கு வந்துவிட்டது. பாய் காசை வைத்தார். சுற்றிலும் வெள்ளைத் தாள்தான். ஒரு துளையும் தெரியவில்லை. லெட்சுமி காசைத் தூக்கிப் பார்த்தது, வைத்தது, திரும்பத் தூக்கிப் பார்த்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன் சாவியைத் தேடியது.

பெயர் கொடுக்கும் தாளில் பாய் அங்கேயே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பையிலிருந்து பழைய ஐம்பது காசு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பழசு புதுசைவிட நல்ல அகலம்.

"கமிட்டி எந்தக் காசுன்னு சொல்லலையே அண்ணே. தேவைப்படும்னு கல்லாவைக் கவுத்துத் தேடி எடுத்து வந்தேன். லெட்சுமி, இதுக்குச் செலவு வைக்காம விட்டுட்டா."

மலிவுத் தோட்டாவைச் சமாளித்தேன், மலிவு ஸ்கோப்பையும் சமாளித்தேன், நம் ஆட்களின் நல்ல மனசுதான் கட்டுப்படியாகவில்லை.