வலையோரம் நின்றவன்

நீலகிரியிலேயே பலமான ஸ்மாஷ் என்னுடையதுதான் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். பலம் என் கையில் இல்லை, ஊட்டிக் காற்றில் இருந்தது. உயரத்தில் காற்று லேசு, ஷட்டில் தானாகவே பறக்கும். 'தொழில்முறை பாட்மிண்டன் வீரர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்ட எனக்கு, இது சென்னைக் கோர்ட்டில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

அங்கே நடந்த மாநிலப் போட்டியில், மிக்ஸ்டு டபுள்ஸில் என் ஜோடி சுகந்தி. நடுவட்டம் எஸ்டேட்காரி, அம்மா கொழுந்து பறிக்கிறவர். அரையிறுதிக்குப் போனால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவள் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆக காலிறுதியில் தோற்றால் எனக்கு மானம் போகும், அவளுக்கு வேலை போகும்.

மிக்ஸ்டில் பெரும்பாலும் ஆண் பின்னால் நின்று அடிப்பான், பெண் வலையோரம் நிற்பாள். நானும் எகிறி எகிறி அடித்தேன். என் ஸ்மாஷெல்லாம் பாதி வழியிலேயே களைத்துப்போய், எதிராளியின் ராக்கெட்டில் போய் உட்கார்ந்தது. மூன்றாவது கேமில் பதினொன்றுக்குப் பதினாறு என்று பின்தங்கியபோது சுகந்தி பக்கத்தில் வந்தாள்.

"நீங்க முன்னாடி போயிருங்கண்ணா. பின்னாடி நான் பாத்துக்கறேன்."

"சிரிப்பாங்க சுகந்தி."

"சிரிக்கட்டுங்க. திரும்பி மட்டும் பாக்காதீங்க, கண்ணுல பட்டுரும்."

சிரித்தார்கள். அதன்பிறகு நடந்த எதையும் நான் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். முதுகுக்குப் பின்னால் ஷூ கீச்சிடும். ஒரு நொடி சத்தமே இருக்காது. பிறகு ஷட்டில் என் காதை உரசிக்கொண்டு போகும். ஒன்று பாய்ந்து தரையைக் குத்தும், அடுத்தது வலையைத் தாண்டியதும் துவண்டு விழும். எது வரும் என்று எதிராளிகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதிரே நின்ற ஆறடிக்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் அவள் ஆட்டத்தைத் தெரிந்துகொண்டேன். முதலில் அதில் சிரிப்பு இருந்தது, பிறகு குழப்பம். கடைசியில் சந்நிதியில் திரை விலகியதும் நிற்பவரைப் போல நின்றார்.

இருபதுக்குப் பத்தொன்பது, எங்களுக்கு மேட்ச் பாயிண்ட். ஷட்டில் என் தலைக்கு மேலே உயர்ந்து வந்தது. அடித்துப் பேர் வாங்கலாம் என்று கையைத் தூக்கினேன். பின்னால் தடதடவென்று அவள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பயத்தில் தலை தானாகத் தோளுக்குள் போய்விட்டது. நிமிர்ந்தபோது ஷட்டில் எதிர்க் கோட்டின் மேல் கிடந்தது.

அரையிறுதியில் தோற்றோம். ஆனாலும் பின்னால் அவள் விண்ணப்பித்தாள், வேலையும் கிடைத்தது.

போட்டி முடிந்து இருவரும் ஊருக்குத் திரும்பும் வழியில், பஸ் பர்லியாறு தாண்டி ஏறும்போது, யாரோ மொபைலில் எடுத்த வீடியோ எனக்கு வந்தது. அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வில்லாக வளைந்து, இரண்டு காலும் தரையில் இல்லாமல், அந்தரத்தில் சுகந்தி. உடம்பு சிலிர்த்தது. கொண்டை ஊசி வளைவுகள் வந்து போனதே தெரியாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இத்தனை பெரிய ஆட்டத்துக்கு ஒரு கைப்பிடி அளவாவது நானும் உதவியிருக்க வேண்டுமே என்று நப்பாசை வந்தது.

"அந்தக் கடைசி பாயிண்ட்ல என் பங்கும் கொஞ்சம் இருக்குல்ல சுகந்தி?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"குனிஞ்சீங்கண்ணா."