முதல் குடம் கஜா அக்காவுக்கு

உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் கிடந்த பிளாஸ்டிக் குடத்துக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கொஞ்சம் சைக்கிள் டியூப், கொஞ்சம் பாசி, கொஞ்சம் சோப்புத்தூள் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் தெருவில், கோடை விடுமுறை என்றால் எனக்கு அந்த வாசனைதான். மற்ற பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். நான் குடத்துக்குக் காவல் இருந்தேன்.

பேய் என்றால் இருட்டு சமாசாரம் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வாழ்ந்ததில்லை. எங்கள் பேய்களெல்லாம் பகல் ஷிப்டு. கூட்ஸ் யார்டில் தலையில்லாத ரயில் கார்டு ஒருவர் நண்பகல் பன்னிரண்டுக்குப் பச்சைக் கொடி காட்டி விசில் ஊதுவார் என்பார்கள். தலை இல்லாமல் எப்படி விசில் ஊதுகிறார் என்று நான் கேட்டபோது ஒரு குட்டுதான் பதிலாகக் கிடைத்தது. ராயபுரத்தில் வலை பின்னுகிறவர்களிடம் வந்து பீடி கேட்கும் பேய் ஒன்று உண்டு, பீடி கேட்டால் பயமில்லை, நெருப்பும் கேட்டால்தான் ஓட வேண்டும் என்பார் அப்பா. எண்ணூர்ப் பக்கம் ஒரு புகைபோக்கியின் உச்சியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தவர்கள் பலர், அவளுக்கு இறங்கத் தெரியவில்லை என்று பரிதாபப்பட்டவர்களும் பலர். ஆகவே பன்னிரண்டு மணி அடித்தால் பெரியவர்கள் எங்களைப் பார்த்துக் கத்துவார்கள்: "உச்சிப் பொழுதுல தலைய விரிச்சிப் போட்டுகினு நிக்காத, எவளாச்சும் ஏறிக்கினா அப்பறம் எறங்க மாட்டா!"

ஆனால் தண்ணீர் லாரி வருவதும் அதே பன்னிரண்டு மணிக்குத்தான். மழை ஏமாற்றிய வருடம் அது. வீட்டுக்கு மூன்று குடம் என்று கணக்கு. லாரியில் இருப்பது எல்லோருக்கும் போதாது என்பதால், வரிசையின் வாலில் இருப்பவர்களுக்கு இரண்டே குடம்தான் கிடைக்கும். நாள் முழுக்க வெயிலில் யார் நிற்பது? அதனால் "எடம் போடறது" என்று ஒரு ஏற்பாடு. காலையிலேயே குடத்தை வைத்துவிட்டுப் போனால் போதும். குடம் இல்லாவிட்டால் உடைந்த செங்கல், அதுவும் இல்லாவிட்டால் பழைய செருப்பு. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. இந்தச் சட்டத்தை மீறினால் என்ன நடக்கும் என்பதை எல்லோருக்கும் கற்பித்தவர் கஜா அக்கா.

கஜலட்சுமி என்பது ரேஷன் கார்டில் இருந்த பெயர். தெருவுக்கே அவர் அக்கா, என் அம்மாவுக்கும் எனக்கும்கூட. முதல் குடம் எப்போதும் அவருடையதுதான். பச்சை நிறக் குடம். விளிம்பில் விரிசல் விட்ட இடத்தில் சிவப்பு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுப் போட்டிருக்கும், ஆயிரம் குடத்துக்கு நடுவிலும் அடையாளம் தெரியும். அவருடைய கணவர் ஏழுமலை மாமா கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்குபவர். மதியம் அவர் தெருவில் தலைகாட்டியதும் அக்கா வரிசையில் நின்றபடியே ஒரு சத்தம் போடுவார், யார்டில் நிற்கும் ரயிலே நகர்ந்துவிடும் போல இருக்கும்: "யோவ்! சோறு மூடி வச்சிகிறேன், துன்னுட்டுப் போய்யா!" மாமா எதுவும் பேசாமல் உள்ளே போவார். கல்யாணமாகி இருபது வருடம், பிள்ளை இல்லை, இந்த ஒரு வசனம்தான் அவர்களுடைய குடும்பம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் காலையில் இருவருக்கும் சண்டை. எதற்கு என்று தெருவில் யாருக்கும் நினைவில்லை, குழம்பில் உப்பு என்பார்கள் சிலர். மாமா சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. யார்டுக்கு ஆள் போய், மாமா ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுப்புப் பக்கத்தில் சோறு மூடித்தான் வைத்திருந்தது என்று வரிசையில் இரண்டாவதாக நிற்கும் முனிம்மா அக்கா பிறகு சொன்னார்.

இனி நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு. காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும், எங்கள் மூன்றாவது குடத்தை நான் கீழே போட்டு உடைத்துவிட்டேன். தம்பி பிறந்து இரண்டு மாதம். அவன் துணி அலசவே ஒரு குடம் போய்விடும். அம்மாவுக்குத் தெரிந்தால் முதுகுத்தோலை உரித்திருப்பார். ஏழுமலை மாமா வீட்டு வாசலில் பச்சைக் குடம் சும்மாதானே கவிழ்ந்து கிடக்கிறது, ஒரு நாளைக்கு எடுத்தால் என்ன என்று தூக்கி வந்து, அன்றைக்கு அதிசயமாக யாரும் இடம் போட்டிராத முதல் இடத்தில் வைத்துவிட்டு, அம்மா கூப்பிட்டார் என்று வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வரிசை பத்தடி பின்வாங்கியிருந்தது. முன்னால் பச்சைக் குடம் தன்னந்தனியாக நிற்க, பெண்கள் எல்லோரும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி அல்லவா? "கஜா வந்துகீறா" என்றார் முனிம்மா அக்கா. அக்காவுக்கு அடுத்தபடி தெருவை ஆண்டவர் அவர்தான். என் வாயைத் திறக்க நினைத்தேன், திறந்தால் உடைந்த குடத்தின் கதையும் சேர்ந்து வெளியே வரும் என்பதால் மூடிக்கொண்டேன். லாரி வந்தது. முதல் குடம் கஜா அக்காவுக்கு நிரப்பப்பட்டது. அந்தத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றி, குடத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய் மாமா வாசலில் கவிழ்த்தார்கள். மறுநாள் நான் தொடவே இல்லை. இடம் கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வாள் என்று அவர்களே கொண்டுவந்து முதலில் வைத்தார்கள்! அந்தப் பகுதியிலேயே பேய்க்குத் தண்ணீர் விநியோகம் செய்த தெரு எங்களுடையது மட்டும்தான்.

பேய்க்குப் போன குடம் யாருடையது என்கிறீர்கள்? வாலில் இருந்தவர்களுடையது, அதாவது தெருவின் கடைசி வீடான எங்களுடையது. இப்போது எங்களுக்கு ஒரே குடம். "செத்தும் பேஜாரு குடுக்கறா" என்று அம்மா புலம்பினார். நான் தம்பியின் துணியை உதறி உதறிக் கொடியில் போட்டேன்.

இதைவிட எனக்குச் சங்கடமாக இருந்தது ஏழுமலை மாமாதான். குடம் வரிசைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் அவரும் வரத் தொடங்கினார். குடத்தின் பக்கத்தில் வந்து நிற்பார், லாரி போகும்வரை நிற்பார், போய்விடுவார். வேலைக்கும் போவதில்லை. யார் என்ன கொடுத்தாலும் ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை, "உள்ள போவ மாட்டேங்குது" என்பார். மூட்டை தூக்கிய உடம்பு, சட்டை ஹாங்கரில் தொங்குவது போல ஆகிவிட்டது. இப்படியே போனால் அடுத்த குடம் இவருக்கும் வைக்க வேண்டியிருக்கும் என்று முனிம்மா அக்காவே பயந்துபோய், வெள்ளிக்கிழமை காசிமேட்டிலிருந்து ஒரு பூசாரியை வரவழைப்பது என்று முடிவு செய்தார். அவர் கஜா அக்காவை ஒரு பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டுவிடுவாராம்.

மாமா அதைக் கேட்டு முதல்முறையாகக் குறுக்கே பேசினார். "கடல்லயா? வேணாம் முனிம்மா. அவளுக்கு நீச்சலு தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பூசாரி எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டால் அது நேராகக் குற்றவாளியின் காலடியில் போய் நிற்கும் என்று வேறு சொல்லிக்கொண்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன்பே பேயை ஒழுங்காக வழியனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, லாரி வரும் நேரம் பார்த்து, ரிப்பனை அவிழ்த்து, தலையை விரித்துப் போட்டு, பச்சைக் குடத்தின் முன்னால் போய் ஆட ஆரம்பித்தேன். ஆடி மாதத்தில் அம்மன் கோவிலில் ஆடுகிறவர்களை முன்வரிசையில் நின்று பார்த்த அனுபவம் கைகொடுத்தது.

"யாரு நீ?" என்று முனிம்மா அக்கா நடுங்கிக்கொண்டே கேட்டார்.

"யாரா? ஏன்டி முனிம்மா, நான் போனதும் மொத எடத்துக்கு வந்துடலாம்னு பாக்கறியா?" என்றேன். கூட்டம் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டது. இரண்டு கோடை விடுமுறையாக வரிசையில் நின்று கேட்டவள் நான், அவருடைய வசவுகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

"இன்னா வோணும் உனுக்கு, சொல்லு தாயே."

"எனுக்குத் தண்ணி வோணாம். எங்குடத்தக் கடைசி வூட்டுக்குக் குடு. கைக்கொயந்த கீற வூடு" என்றேன். கூட்டத்தில் தம்பியைத் தோளில் போட்டிருந்த அம்மாவின் கண் மெதுவாகச் சுருங்கியதைப் பார்த்தேன். சரி, வந்த வேலை முடிந்தது, மயங்கி விழுந்துவிடலாம் என்று நல்ல நிழலாக ஓர் இடம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஏழுமலை மாமா முன்னால் வந்தார்.

"கஜா" என்றார். "எம்மேல கோவமா?"

இந்தக் கேள்விக்கு நான் தயார் செய்துகொண்டு வரவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அவருடைய முகத்தைப் பார்த்தால் அழுகை வரும் போல இருந்தது. அந்த நேரத்துக்கு, அந்த வெயிலுக்கு, அந்த இடத்தில் தினமும் எது கேட்குமோ அதுதான் என் வாயிலிருந்து தானாக வந்தது.

"யோவ்! சோறு மூடி வச்சிகிறேன், துன்னுட்டுப் போய்யா!"

மாமா அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. முனிம்மா அக்கா ஓடிப்போய் ஒரு தட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அவர் சாப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முடிக்கும்வரை பேய் எப்படி இறங்கும்? கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு, தலைவிரி கோலமாக, மாற்றி மாற்றிக் காலைத் தூக்கியபடி நான் நின்றேன். "இன்னா உக்கிரமா ஆடறா பாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மாமா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

பூசாரி வரவில்லை. எங்களுக்கு மூன்று குடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா என் காதைப் பிடித்து, "கைக்கொயந்த கீற வூடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கொப்பளித்திருந்த பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

ஆனால் மாமா எடுத்தார். பேய் ஒரு தடவை ஏறிய ஆளிடம் திரும்பத் திரும்ப வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "பாப்பா, வேற எதனா சொன்னாளா?" இல்லை என்று சொல்ல முதல் தடவை மனம் வரவில்லை, பிறகு எப்போதும் வரவில்லை. "சட்டையத் தோச்சுப் போடச் சொன்னாங்க மாமா" என்றேன். அடுத்த நாள் வெள்ளைச் சட்டையில் வேலைக்குப் போனார், மூட்டை தூக்க! நான் ஒன்பதாவது படிக்கும்போது அக்கா பீடியை நிறுத்தச் சொன்னார். என் கல்யாணப் பந்தலில், மாலையும் கழுத்துமாக நான் நிற்க, மொய்க்கு வந்தவர்களை விலக்கிக்கொண்டு வந்து கேட்டார். அக்கா கண் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார் என்று மேடையிலேயே சொல்லி அனுப்பினேன். என் கணவர், "யார் சொன்னது?" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இப்போது நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன், பேய் கிடையாது என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டே விளக்குகிறேன். போன மாதம் அம்மாவைப் பார்க்கக் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. லாரி இல்லை, வரிசை இல்லை, "எடம் போடறது" என்றால் என்னவென்று என் மகளுக்குத் தெரியவில்லை. வேப்பமரம் நின்ற இடத்தில் ஏடிஎம் இருக்கிறது. யார்டில் கேமரா வைத்த பிறகு தலையில்லாத கார்டும் வேலைக்கு வருவதில்லையாம்.

ஏழுமலை மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். பக்கத்தில் அந்தப் பச்சைக் குடம் கவிழ்ந்திருந்தது, வெயில் பட்டுப்பட்டு வெளுத்து, சிவப்பு ஒட்டு மட்டும் அப்படியே. நான் வழியிலேயே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "மாமா, மாத்திரைய ஒழுங்கா போட்டுக்கச் சொன்னாங்க."

"அது கெடக்குது பாப்பா" என்றார். "இத்தினி வருசமா அவ சொன்னதயே வந்து சொல்லிகினுகீற. நான் சொல்றத ஒரு தபா அவ கைல சொல்றியா?"

"சொல்லுங்க மாமா."

"துன்னுட்டேன்னு சொல்லு."

தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனையில், லாரி நின்ற இடத்தில் இப்போது பைக்குகள் வரிசையாக நிற்கின்றன. மணி சரியாகப் பன்னிரண்டு. ஆள் நடமாட்டம் இல்லை. காற்றில் அவிழ்ந்திருந்த தலைமுடியை அள்ளி இறுக்க முடிந்துகொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. பிறகு முதல் பைக்கின் பக்கத்தில் நின்று, "அக்கா, மாமா துன்னுட்டாரு" என்றேன்.