பல் முளைத்த பீட்ரூட்

ஒலேனா நீட்டிய கிண்ணத்தை நெஸ்டர் தள்ளிவிட்டார். பீட்ரூட் சூப் மேசைவிரிப்பெங்கும் சிவப்பாக ஓடியது.

"அதுக்குப் பல்லு இருக்கு. பலகையில எழுதி வச்சிருக்கேன்ல, படிக்கத் தெரியாதா உனக்கு?"

எழுதியவர் அவரேதான். கனடாவில், சஸ்காட்செவன் மாகாணத்தின் அந்தச் சிற்றூரில், ஆகஸ்டில் வீடு வீடாகத் தோட்டம் பார்க்கப் போகும் நாளன்று, நெஸ்டர் வீட்டு வேலியில்தான் கூட்டம் நெரியும். உலகத்தில் இல்லாத செடிகளுக்கெல்லாம் பலகை நட்டிருப்பார். 'விரல்கடிச்சான் பீட்ரூட்: பசி நேரத்தில் தொடாதீர்.' 'ஒட்டுக்கேட்கும் அவரை: குடும்பச் சண்டையைத் தள்ளிப்போய் வைத்துக்கொள்ளவும்.' 'வாடகை தராத பூசணி: ஜன்னலில் நுழைந்து சோபாவில் படுக்கும்.' ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். களை பிடுங்கியதும், வந்தவர்களுக்குப் பெரோகிக் கொழுக்கட்டை அவித்துப் போட்டதும் மனைவி ஒலேனா. கூட்டம் கலைந்ததும் நெஸ்டரின் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். வீட்டுக்குள் அவர் ஒரு வேடிக்கை சொல்லி அவள் கேட்டதில்லை.

இப்போது நினைவு கலங்கி, எழுதியதையெல்லாம் அவரே நம்பினார். வீட்டுக்கு வரும் நர்ஸ் டார்லா எடை பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் இளைச்சா முதியோர் இல்லத்துல சேர்க்கச் சொல்லித்தான் எழுதணும். கோவிச்சுக்காதீங்க ஒலேனா."

"அங்க மட்டும் வாயைத் தொறந்துடுவாராக்கும்!"

ஒலேனாவுக்குப் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. இத்தனை தூரம் சுமந்த மூட்டையை வாசற்படியில் வைத்து அடுத்தவரிடம் கொடுப்பதா என்ற வீம்பு.

மறுநாள் மதியம் சூப்புக்குக் கீரை கிள்ளிவிட்டு, பழைய கோட்டும் தொப்பியுமாக அப்படியே உள்ளே வந்தாள். நெஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தோட்டம் பாக்க வந்தீங்களா? உட்காருங்கம்மா."

வேலியோரத்தில் ஊராரிடம் பேசும் அதே குரல். ஒலேனா ஒரு கணம் நின்றுவிட்டு, உட்கார்ந்தாள்.

"ஆமாங்க. உங்க பீட்ரூட்டுக்கு ஒரு பல்லு விடாம பிடுங்கிட்டேன்."

"நீங்களா?"

"குறடு வச்சு."

அவர் குலுங்கிச் சிரித்தார். சிரிக்கிற வாயில் ஊட்டினால் புரையேறும். அடங்கும்வரை காத்திருந்து கரண்டியை நீட்டினாள். விழுங்கினார்.

"இதைவிடப் பொல்லாத செடி ஒண்ணு வீட்டுக்குள்ளயே இருக்கு," என்றார் குரலைத் தாழ்த்தி. "பேரு ஒலேனா. முள்ளுதான், பூவே கிடையாது. வெட்ட வெட்டத் தழைக்கும்."

"ஐயய்யோ! எப்படிங்க காலம் தள்ளினீங்க?"

"பேசாம இருந்துட்டேன்."

அவள் கரண்டியை நிரப்பினாள். "மோவாயைக் கொஞ்சம் தாழ்த்திக்குங்க," என்றாள். கிண்ணம் காலியானது.

அடுத்த முறை டார்லா வந்தபோது எடை ஏறியிருந்தது.

"உங்க கையால மட்டும் சாப்பிடுறாரே! கொடுத்து வச்சவங்க நீங்க."

"ஆமா," என்றாள் ஒலேனா. சூப் ஆறிக்கொண்டிருந்தது. கோட்டைக் கழுத்துவரை பூட்டி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியே போய்த் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள்.