அப்பா மூடிய இலை

வறுத்த முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது ஒரு வாசனை வரும். சீசன் வந்துவிட்டால் கந்தர்வக்கோட்டையில் எங்கள் தெருவெல்லாம் அதுதான். அதை மூக்கால் மட்டுமே சாப்பிட்ட இரண்டு வருஷம் எனக்கு உண்டு...

பத்தாம் வகுப்பில் எனக்குப் பல்லில் கம்பி போட்டார்கள். உதட்டை எப்படி மூடினாலும் முன்பல் இரண்டும் வெளியே எட்டிப் பார்க்கும். யாராவது போட்டோ எடுத்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வேன். அதைக் கவனித்துவிட்டு அப்பாதான் ஒருநாள் என்னைப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றினார்.

அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. கம்பி என்றால் உயிர். டாக்டரம்மா என் வாயைத் திறந்து வைத்து வேலை பார்க்க, இவர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்.

"இது எத்தன கேஜ் கம்பிங்கம்மா?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "நம்ம வேல மாதிரிதான். ஆனா ரொம்ப நைஸ் வேல" என்பார். பெருமையாகத்தான் சொல்வார்.

மாதம் ஒரு தடவை இறுக்குவார்கள். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ் குலுங்கினால்கூடப் பல்லெல்லாம் தனித்தனியாக வலிக்கும். இரண்டு நாளைக்குக் குழைந்த தயிர்சாதம்தான். மற்ற நாளில் எதைச் சாப்பிட்டாலும் உடனே பிரஷ். ஸ்கூல் குழாயடியில் நான் பல் தேய்ப்பதைப் பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். முறுக்கு, கரும்பு, கொய்யா எதுவும் கூடாது. முந்திரிப் பருப்பு கண்டிப்பாகக் கூடாது. அப்பாவும் அந்த இரண்டு வருஷம் என் கண்ணுக்கு முன்னால் ஒரு பருப்பை வாயில் போட்டதில்லை. பட்டறையில் தின்றிருப்பார், அது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியின் நுனி வெளியே வந்து கன்னத்தில் குத்திக்கொண்டே இருந்தது. அதன்மேல் அப்புகிற மெழுகு தீர்ந்துபோயிருந்தது. பார்த்தால், அப்பா கட்டிங் பிளேயரும் கையுமாக வந்து நிற்கிறார்.

"ஆ காட்டுத்தா. நுனிய மட்டும் நறுக்கிவிட்டுர்றேன்."

அடுப்படியிலிருந்து அம்மா, "அது என்ன பம்புசெட்டா? பேசாம அங்கிட்டுப் போங்க" என்றாள்.

போய்விட்டார். மறுநாள் பட்டறையைத் திறக்காமல் முதல் பஸ்ஸிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒருவழியாகக் கம்பியைக் கழற்றினார்கள். நாக்கால் தடவினால் பல் வழவழவென்று இருந்தது. யாருடைய பல்லோ என் வாயில் இருக்கிற மாதிரி...

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ரீடெய்னர் என்று ஒன்று கொடுத்தார்கள். அண்ணத்தில் ஒட்டும் ரோஸ் கலர் தகடு, முன்னால் ஒரு கம்பி. சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். மாட்டாமல் விட்டால் பல் பழைய இடத்துக்கே போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தப் பயத்திலேயே நாக்கால் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அந்த ஆவணியில் திருவரங்குளத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரீடெய்னர் டப்பா அம்மாவின் பையோடு மணமேடைப் பக்கம் போயிருந்தது. வேறு வழியில்லாமல் கழற்றி இலையின் நுனியோரமாக வைத்தேன். பாயசம் முடிந்ததும் கை கழுவ ஓடிவிட்டேன்.

என் இலையை நான் மூடியதே கிடையாது. சின்னப் பிள்ளையிலிருந்து அப்பாதான் மூடுவார். தன் இலையை மடித்துவிட்டு, அப்படியே கையை நீட்டி என்னுடையதையும் மடிப்பார். நான் அதற்குள் எழுந்து போயிருப்பேன். எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

அன்றைக்கும் மூடினார்.

வாய் கொப்பளிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடிவந்தால் மேஜையில் அடுத்த பந்திக்குப் புது இலை போட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷ வலியும் வீண்... பழையபடி அந்த இரண்டு பல்லும் வெளியே வந்துவிடும்...

"அப்பா, எலையிலதான் வச்சிருந்தேன்."

அப்பா என்னையே பார்த்தார். "நாந்தானத்தா மூடுனேன்" என்றார்.

மண்டபத்துக்குப் பின்பக்கம் எச்சில் இலை குவிந்து கிடந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா அதில் இறங்கிவிட்டார். பெண்ணுக்குப் பெரியப்பா, சபையில் முன்னால் நிற்க வேண்டிய ஆள். ஒவ்வொரு இலையாகப் பிரித்துப் பார்க்கிறார். முழங்கை வரைக்கும் சாம்பார். மாப்பிள்ளை வீட்டார் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"என்ன சம்பந்தி, மோதிரம் தொலைஞ்சிருச்சுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லைங்க. எம் மக பல்லு."

அவர் என் வாயைப் பார்த்தார். நான் பொத்திக்கொண்டேன்.

கிடைத்தது. ரசத்தில் ஊறி, முன்கம்பி கொஞ்சம் கோணியிருந்தது. அப்பா குழாயில் கழுவி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதை நிமிர்த்த அவர் விரல் துடித்தது எனக்குத் தெரிந்தது. நிமிர்த்தவில்லை. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கே டாக்டரம்மாட்ட போயிருவோம்" என்றார்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறேன். ஆபீஸில் ஒரு பெண் கண்ணுக்கே தெரியாத கிளிப் போட்டிருக்கிறாள். கழற்றி டப்பாவில் வைத்து, போனில் அலாரம் அடித்ததும் மாட்டிக்கொள்கிறாள். நல்ல வசதிதான். அப்பா பார்த்திருந்தால், "கம்பியே இல்லாம எப்புடித்தா இழுக்கும்?" என்று கேட்டுக் குடைந்திருப்பார். கேட்க ஆள் இல்லை. போன வருஷம் போய்விட்டார். அவரை ரொம்பத் தேடுகிறது...

போன மாதம் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தேன். பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னை நிறுத்தினார்.

"எலைய மூடலையாம்மா?"

திரும்பிப் பார்த்தேன். என் இலை திறந்தே கிடந்தது.

மறுபடி உட்கார்ந்து, நானே மூடினேன்.