நிழலை மிதிக்காத கண்டக்டர்

வெள்ளிமலை பஸ்ஸின் கண்டக்டர் ஒடிசலான ஆள். பாதித் தூக்கத்தில் இருப்பது போன்ற கண்கள். டிக்கெட் கொடுத்துக்கொண்டே வரும்போது யாருடைய நிழலையும் மிதிக்க மாட்டார். காலைத் தூக்கித் தாண்டித்தான் போவார். போகும் வழியெல்லாம் கதை சொல்வார். அவர் கதையில் வரும் கொலைகாரன் ஆளைத் தொடுவதில்லை. நிழலில் கத்தியைச் செருகுவான், ஆள் சாய்ந்துவிடுவான். முதல் பாகத்தின் முடிவில் அந்தக் கொலைகாரனே செத்துப்போனான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நாட்களில் ஒரு மத்தியானம், கச்சிராயபாளையத்துக்கு முன்பே புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. எப்போது கல் வந்து விழுமோ என்று நாங்கள் பயந்து உட்கார்ந்திருக்க, அவர் இரண்டாம் பாகத்தை ஆரம்பித்தார்.

“செத்தவன் எப்பிடிங்க திரும்பி வந்தான்?” என்றேன்.

“செத்தது அவன்தானே. நெழலு மலைமேலயே சுத்திக்கினு இருந்துச்சுங்க.”

அவர் சொல்லச் சொல்ல அந்த ஒற்றை நிழல் மலையிறங்கி, அரண்மனைச் சுவரேறி, ராஜாவின் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது.

மரங்களை வெட்டியவர்களுக்கு ஒதுங்க நிழல் இல்லை. கையில் கல்லும் கோடாரியுமாக வந்து பஸ் நிழலில் உட்கார்ந்தார்கள். அவர் குரலை உயர்த்தினார். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் கல்லைக் கீழே வைத்துவிட்டு, “அப்பறம் இன்னா ஆச்சுங்க?” என்றான்.

பொழுது சாய்ந்ததும் அவர்களே மரங்களை ஓரமாகப் புரட்டி வழிவிட்டார்கள். ஓரத்தில் நின்ற அவர்களுடைய நிழல்கள் நீண்டு சாலை முழுக்கக் கிடந்தன. பஸ் அவற்றின் மேல் ஏறும்போது கண்டக்டர் கண்களை மூடி, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிக்கொண்டார்.

நானும் தூக்கிக்கொண்டேன்.