எழுதாமல் விட வேண்டிய கண்

அலுவலகத்தில் அவருக்குத் தலைகீழ் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கேமரா சென்சரின் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்பதை மாற்றி எழுதிவிட்டார். முதல் சோதனையில் திரையில் மேலதிகாரி வௌவால் மாதிரி கூரையிலிருந்து தொங்கினார். எல்லோரும் சிரித்து ஓய்வதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

மடிக்கணினிக்குள் கேமராவின் கண்ணாக இருக்கும் சென்சர் எந்தக் கம்பியில் பேசும், எந்தப் பக்கம் பார்க்கும், விழித்திருக்கும்போது எந்த விளக்கு எரியவேண்டும் என்று ஒரு கோப்பில் வரிவரியாக விவரிப்பதுதான் அவர் வேலை. அதைப் படித்துத்தான் டிரைவர் என்கிற நிரல் சென்சரை எழுப்பும். எழுதாததை அது தேடாது. டிரைவருக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒருமுறை மைத்துனரிடம் சொல்லப்போக, அவர் தன் காருக்கும் ஒரு நல்ல ஆளாகப் பார்த்துத் தரச் சொன்னார். அதிலிருந்து உறவுக்காரர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

புதிய மாடல் வந்தபோது, சோதனைக்கென்று ஊழியர்களின் வீடுகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அவர் வீட்டில் அது மகளுக்குப் போனது. நீண்ட சிகிச்சையில் அவளுக்குத் தலைமுடி மொத்தமும் கொட்டியிருந்தது. அறையைவிட்டு வெளியே வந்தால் தலையில் துணி. உள்ளே யாருக்கும் அனுமதியில்லை. அவள் அம்மா சாப்பாட்டைக்கூட அறை வாசலில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். கேமராவை மூடிக் கொடுத்தால் அதில் ஆன்லைன் பாடம் கேட்கிறேன் என்றாள். அவரே கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தார். தினமும் கணினியைத் திறந்ததும் அது சோதனைக்காக ஒரு படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பும், வெறும் கறுப்புதான் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அந்தப் படங்களை அவர் பார்க்க நேர்ந்தது வேறு வீட்டுக் கணினியில் விளக்கு எரியவில்லை என்ற புகாரால். பட்டியலில் தன் வீட்டுக் கணினியின் பெயர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு காலைக்கும் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று கறுப்பு. மற்றதைத் திறந்தார்.

மங்கலான ஓர் அறை, தலைகீழாக. கூரை கீழே கிடந்தது. மேலிருந்து ஒரு நாற்காலி தொங்க, அதில் மொட்டைத்தலையோடு யாரோ குனிந்திருந்தார்கள். ஜன்னல் திரையின் கோடுகளைப் பார்த்த பிறகுதான் அது தன் வீடு என்று புரிந்தது. அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர் டீ குடிக்க வரீங்களா என்று கேட்டது அவர் காதில் விழவில்லை.

நடந்தது அவருடைய வழக்கமான முறையால்தான். பழைய மாடலின் கோப்பை நகலெடுத்து, வேண்டாததை வெட்டிவிட்டுப் புதிதை எழுதுவார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய மாடலுக்கு இரண்டு கேமரா, புதியதற்கு ஒன்று. இரண்டாவதன் பத்தியை வெட்ட மறந்துவிட்டார். மறந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. டிரைவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதில் வராமல் விட்டிருக்கும். ஆனால் தொழிற்சாலையில் சோதனைக் கணினிகளுக்குப் பழைய மாடலில் மிஞ்சிய திரைகளைப் பொருத்தியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி விளிம்புக்குப் பின்னால், வெளியே தெரியாமல், அந்தச் சென்சர் மேல்கீழ் மாறி உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டதும் விழித்தது. புதிய மாடலில் அதற்கு விளக்கும் கிடையாது.

பத்தியை வெட்டிவிட்டு, எல்லா வீட்டுக் கணினிகளையும் திரும்பக் கேட்கும்படி மேலதிகாரியிடம் காரணத்தோடு சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். மகளின் படங்களை எடுத்துக்கொண்டு அங்கிருந்தவற்றை அழித்தார். சொல்லாமலே விட்டால் அவளுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் மூடியாச்சு என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் அந்த அறையில் துணியை அவிழ்த்தாள்.

சாயங்காலம் கதவைத் தட்டி, வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கதவு கொஞ்சம் திறந்து, துணி கட்டிய தலை எட்டிப் பார்த்தது.

"நீங்க பார்த்தீங்களா?"

"ஒண்ணு பார்த்தேன். மத்ததைத் திறக்கல."

"இப்பவும் அது உள்ளயா இருக்கு?"

"இருக்கு. எழுப்பத்தான் ஆள் இல்ல."

படங்களைக் கொடுங்கள் என்று அவர் போனை வாங்கி, அவளே நேராகத் திருப்பி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஓரிடத்தில் கை நின்றது. முந்தையதற்குப் போனாள், அதற்கும் முந்தையதற்குப் போனாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், கதவின் இடுக்கில், ஒரு முகத்தின் பாதி. தலைகீழாகப் பார்த்தபோது அவருக்கு அது தெரியவில்லை. எல்லாப் படத்திலும் அதே உயரத்தில், அசையாமல், ஒற்றைக் கண்ணோடு நின்றது.

"அம்மா," என்றாள் மகள், மெதுவாக. "டெய்லி நிக்கறாங்க."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் சொல்லி நிறுத்தட்டுமா?"

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "வேணாம்ப்பா. எனக்குத் தெரியும்னும் சொல்லாதீங்க."

மறுநாள் காலை அவர் செருப்பை மாட்டியபடி திரும்பிப் பார்த்தார். மனைவி சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கதவிடுக்கில் முகத்தை வைத்து நின்றாள். மூச்சுவிடுகிறாளா என்றே தெரியவில்லை. அவள் தோளுக்கு மேலாக, உள்ளே மகள் துணியை அவிழ்ப்பது தெரிந்தது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை மட்டும் ஜன்னல் வெளிச்சம் தலையில் விழும்படி கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.