நெஞ்சைத் தட்டிக்கொடுத்தவர்

நோயாளியைப் பார்க்கப் போனால், உடம்பு தேறட்டும் என்று சாப்பிட ஏதாவது கொண்டுபோவது எங்கள் வழக்கம். லிங்கநகர் தையற்கார அக்காவுக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டு தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலாப்பத்தோடு போனேன். பருத்த உடம்பு, முடி கொட்டிய தலையில் பூப்போட்ட துணி, காலில் சப்பாத்து. பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, "வாங்கோ, கதைச்சுக்கொண்டே நடப்பம்" என்றார்.

துறைமுக வீதியில் திடீரென நின்று நெஞ்சில் கை வைத்தார். நான் பதறிவிட்டேன்.

"என்னக்கா செய்யுது?"

"ஒண்டுமில்லை. நடக்கேக்க இடைக்கிடை இப்பிடித் தொட்டுப் பாக்கிறனான். ஏத்திற மருந்தை உடம்பெல்லாம் கொண்டுபோறது இந்த இதயந்தானே. அந்த மருந்தே இதைக் களைக்கப் பண்ணலாமெண்டு டொக்டர் சொன்னவர். அதுக்கு மேல கொழுப்பையும் சுமக்கச் சொல்ல ஏலாது."

குழந்தையைத் தட்டுவதுபோல் நெஞ்சைத் தட்டிக்கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். மூச்சு வாங்கி மதிலைப் பிடித்து நின்றது நான்தான். வாழ்நாளில் முதன்முறையாக என் கை என் நெஞ்சுக்குப் போனது.